சாமிக்கு முதுகில் வெளிச்சம்

பயந்தவன் ஜெனரேட்டர் வாடகைக்கு விடக்கூடாது. நான் விடுகிறேன். (எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதில் பயப்பட நிறைய நேரம் கிடைத்தது.)

டீசல் கட்டுப்படியாகவில்லை என்று என் இரண்டு ஜெனரேட்டர்களையும் சி.என்.ஜி. கேஸுக்கு மாற்ற நினைத்தேன். மெக்கானிக் டில்லி விளக்கினார்.

"ரெண்டு விதம் இருக்குதுபா. ஒண்ணு, டீசலோட கேஸைக் கலந்து வுடுறது. கேஸ் தீந்தாலும் டீசல்ல ஓடிக்கினு இருக்கும். இன்னொண்ணு, ஸ்பார்க் பிளக் வெச்சு முழுக்க கேஸ்லயே ஓட்டறது. செலவு, புகை ரெண்டும் கம்மி. ஆனா கேஸ் நின்னா இன்ஜினும் நின்னுடும்."

"லீக் ஆனா?"

"இந்த கேஸ் லேசுபா. மேல போய்டும்."

"மேல சாமி இருப்பாரே?"

டில்லி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

முடிவெடுக்கத் தைரியமில்லாமல், ஒன்றில் அதையும் மற்றதில் இதையும் பொருத்தச் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்க நான் தேர்ந்தெடுத்தது, ஐயம்பேட்டையில் என் மாமனார் தெருச் சாமி ஊர்வலம். விளக்கு வேலையை அந்த வருஷம்தான் முதன்முதலாக என்னை நம்பிக் கொடுத்திருந்தார். சொதப்பினால் அடுத்த வருஷம் வேறு ஆள். அந்த வீட்டில் நான் சோறு கேட்டுச் சாப்பிட முடியாது.

சாமிக்கு முன்னால் முழு கேஸ் ஜெனரேட்டர் வண்டி, பின்னால் கலப்பு வண்டி. நடுவில் நானும் டில்லியும். நான் வழிநெடுக மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

மாமனார் வீட்டு வாசலில் சாமி நின்றது. பூசாரி கற்பூரத் தட்டை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து குப்பென்று ஓர் அழுகல் நாற்றம். கேஸ்தான். பாய்ந்துபோய்த் தட்டைப் பிடித்து, கன்னம் உப்ப ஊதி அணைத்தேன். அதே வேகத்தில் ஓடி இரண்டு சிலிண்டர்களையும் மூடினேன்.

முன் வண்டி பொசுக்கென்று நின்றது. பின் வண்டி ஒருமுறை விக்கி, டீசலில் ஓடியது. சாமிக்கு முதுகில் மட்டும் வெளிச்சம்.

மேளம் நின்றுவிட்டது. என் மாமியார்தான் முதலில் பேசினார்.

"இன்னா மாப்ள, சாமிக்குப் பொறந்த நாளா?"

டில்லி குனிந்து தேடிவிட்டு நிமிர்ந்தார். "கேஸ் இல்லபா. சாக்கடை அடைச்சிக்கினு இருக்குது."

சாமியே காத்திருந்தது. சிலிண்டர்களைத் திறந்து, மறுபடி கற்பூரம் ஏற்றிய பிறகுதான் ஊர்வலம் நகர்ந்தது. மறு வருஷம் மாமனார் போனில் கூப்பிட்டார்.

"கலக்கற வண்டி ரெண்டு அனுப்பு மாப்ள. நீ வண்டிகிட்ட வராத. எம்பொண்ணு பக்கத்துல நில்லு."

அன்றிலிருந்து அப்படித்தான். கற்பூரம் ஏற்றியதும் மனைவி முழங்கையால் இடிப்பாள். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். வெளியூர்க்காரர்கள் பக்தி என்று நினைக்கிறார்கள். தெருக்காரர்கள் சிரிக்கிறார்கள்.