அயோடின் சார் கொடுத்த சோயாப் பால்

தாம்பரத்தில் ஆரம்பித்துச் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், மாணவனின் மூத்திரத்தைப் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும் வாத்தியார் ஒருவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். எங்களுக்குக் கிடைத்தார். கெமிஸ்ட்ரி வாத்தியாரும் அவரே, ஆஸ்டல் வார்டனும் அவரே. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அயோடின் சார்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்த கதை இது. மெஸ்ஸில் உப்பு டப்பா திறந்து கிடந்தால் போதும், மனுஷன் ஊரையே கூட்டிவிடுவார். "மூடுங்கடா, அயோடின் பறந்துடும்." சாம்பார் கொதிக்கும்போது உப்புப் போட்டதற்காகச் சமையல் மாஸ்டரோடு ஒரு வாரம் பேசவில்லை.

இந்தப் பைத்தியம் முற்றிப்போனது பர்வீன் அக்காவால். அக்கா என்றால் சாரின் மனைவி. ஆஸ்டலுக்குப் பின்னால்தான் குவார்ட்டர்ஸ். அக்கா முழுகாமல் இருந்தார். குழந்தையின் மூளை வளர அயோடின் முக்கியம், பால் குடிக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. அக்காவுக்கோ பால் வாசனை வந்தாலே குமட்டிக்கொண்டு வரும். மாத்திரையும் தங்கவில்லை. சார் சோயாவை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தார், அக்கா முகம் சுளிக்காமல் குடித்தார். அதில் மாட்டுப்பாலில் இருக்கிற அளவுக்கு அயோடின் கலந்துவிடலாம், டாக்டரம்மாவும் சரி என்றார். ஆனால் சாருக்குத் தூக்கம் போய்விட்டது. சோயாவில் இருக்கிற ஏதோ ஒன்று அயோடினை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொண்டால்?

"நாம கலந்துட்டோம்னு நிம்மதியா இருப்போம். உள்ள சேராமப் போயி, புள்ள மந்தமா பொறந்துட்டா யாரைப் போய்க் கேக்கறது?" என்றார் எங்களிடம். கண் கலங்கியிருந்தது.

எட்டுப் பேரைப் பிடித்தார். முடிந்ததும் அக்கா கையால் பிரியாணி என்று ஆசை காட்டினார். நாலு பேருக்கு மாட்டுப்பால், நாலு பேருக்கு அயோடின் கலந்த சோயாப் பால், ஆளுக்கொரு பெரிய கிளாஸ். சோதனை முடியும்வரை மெஸ்ஸில் அயோடின் இல்லாத கல் உப்புதான். உடம்பில் சேர்ந்த அயோடினில் பெரும்பங்கு மூத்திரத்தில் வந்துவிடுமாம். அதனால் ஆளுக்கொரு வெள்ளைக் கேன். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது.

நான் மாட்டுப்பால் கோஷ்டி. கேனோடு வகுப்புக்குப் போனோம், கேனோடு கிரிக்கெட் ஆடினோம். எங்களில் ஒருவன் பள்ளிக்கரணையில் சித்தி மகள் கல்யாணத்துக்கும் கேனோடு போனான். மண்டப வாசலில் ஒரு பெரியவர், "மோர் வந்துடுச்சு" என்று அன்போடு வாங்கிச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டார். தாலி கட்டுவதைக்கூடப் பார்க்காமல் அதை மீட்டுக்கொண்டு வந்தான்.

சோயா கோஷ்டியின் சங்கதி வேறு. அரைத்த பயறின் பச்சை வாடை, மூன்று பேருக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. நாலாவது ஆள் அண்டா. பெரும்பாக்கத்துக்காரன், சாப்பாட்டில் அவன் பெயருக்கு ஏற்ற ஆள்.

"இன்னாடா மூஞ்ச சுளிக்கிறீங்க? குடுங்க இப்டி, நானே அட்சுக்கிறேன்," என்றான். "கேனையும் நானே ரொப்பிக்கினு வர்றேன். அட்டெண்டன்ஸுக்கு ப்ராக்ஸி குடுக்கல? அது மாதிரிதான்."

நாலு கிளாஸையும் குடித்தான். நட்பில் வஞ்சகம் கூடாது என்று டம்ளரால் அளந்து நாலு கேனிலும் சமமாக ஊற்றினான். குறைந்த இடத்துக்குக் குழாய்த் தண்ணீர்.

சார் லேபில் உட்கார்ந்து சோதித்தார். ஒரு மஞ்சள் கரைசல். அயோடின் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெளுக்கும். எங்கள் நாலு பேருக்கும் நாலு விதமாக வந்தது. சோயா கேன் நாலும் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒன்றாக வெளுத்தன.

சார் நிமிர்ந்து பார்த்தார். "நாலு பேருக்கும் ஒரே கிட்னியாடா?"

அண்டா தலையைச் சொறிந்தான். "அத்தினியும் நம்ம கிட்னிதான் சார்."

டிசி கிழிந்தது என்றே நினைத்தோம். சார் திட்டவில்லை. "உங்களுக்கு விளையாட்டு. இந்த ரிசல்ட்டைப் பார்த்துட்டு இன்னிக்கு அவளுக்கு அயோடின் கலந்து ஒரு கிளாஸ் குடுக்கலாம்னு இருந்தேன்டா," என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

பிறகு திடீரென்று விரல்விட்டு எண்ணினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தோம், சிரிக்கிறார். "உள்ள போனது நாலு பேர் பங்கு. வெளிய வந்ததும் கிட்டத்தட்ட நாலு பேர் பங்கு. திருட்டுப் பயலே, நீ ஏமாத்தினதுலயும் கணக்கு சரியா வருதே."

"அப்ப பாஸா சார்?"

"ஒரே ஆளை வெச்சு முடிவு சொல்லக்கூடாது. அதுவும் உன்னை வெச்சு."

சோதனை மறுபடி நடந்தது. இம்முறை அண்டாதான் காவல். மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம், "அக்காக்குடா. கம்னு முழுங்கு," என்றான். முழுங்கினார்கள். சோயாப் பாலில் அயோடின் மாட்டுப்பாலைவிடக் கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தது, மோசமில்லை. டாக்டரம்மா பார்த்துத் தலையாட்டினார். அன்று சாயங்காலம் சார் மெஸ்ஸுக்கு ஓடி வந்து, "குடிச்சுட்டாடா, வயித்துல தங்கிடுச்சு," என்றார். மாஸ்டர் அவசரமாகக் கேசரி கிண்டினார்.

குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த அன்று எட்டுப் பேரும் போய் நின்றோம். பெண் குழந்தை. வீல் வீலென்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. நர்ஸம்மா வழியை மறித்தார். "சொந்தக்காரங்க மட்டும்தான். நீங்கல்லாம் யாரு?"

சார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாப்பாவோட அண்ணனுங்கதான் சிஸ்டர், எட்டுப் பேரும். உள்ள விடுங்க."

அண்டா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சார்மேல் எங்களுக்கு இருந்தது மரியாதை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.