தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை

இன்று நாம் பார்க்கப்போகும் ஆசாமி, மீட்டரை நம்பாதவர். டாக்சி மீட்டரைச் சொல்லவில்லை. அதை நம்பாதவருக்கு விவரமானவர் என்று பெயர். இவர் நம்பாதது சொந்தக் காரின் மீட்டரை.

கார் இவரைவிட நாலு வயது மூத்தது. வாரம் ஒருமுறை மெழுகு, இருமுறை பனியன் துணியால் துடைப்பு, நாலு துளி தூறல் விழுந்தால் ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, "மேல போர்த்தியாச்சா?" என்று விசாரிப்பு. பிள்ளைகளைத்தான் கேட்கிறார் என்று பக்கத்து மேசைக்காரர் பல காலம் நெகிழ்ந்துகொண்டிருந்தார். இந்தக் காரில் எது கெடும்? இன்ஜின் கெடாது, அது அந்தக் காலத்து இரும்பு. ஆயில் கெடாது, அது இவர் கையால் ஊற்றியது. அப்படியானால், மேட்டில் ஏறும்போதெல்லாம் ஆயில் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஓடினால், கெட்டது யார்?

முள்.

"ஆயில் கொதிக்குது சார்," என்றார் மெக்கானிக். "பம்ப்பைப் பிரிச்சுப் பாக்கணும். அதுவரைக்கும் மலைப்பக்கம் போயிடாதீங்க. இன்ஜின் இறுகிப் பிடிச்சுக்கும்."

"வண்டி சூடாகலப்பா. முள்தான் சூடாகுது."

மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

இதில் மனைவிக்கு என்ன கஷ்டம் என்கிறீர்களா? அந்த அம்மாளுக்குப் பதினோரு வருடம் கழித்துப் பதவி உயர்வு வந்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் மலைக்கு அந்தப்பக்கமுள்ள அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அந்த நாற்காலி பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு.

"ஏழு மணி பஸ்ல போயிடறேங்க."

"வாசல்ல வண்டி நிக்கறப்ப பஸ்ஸா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க?"

"வண்டியில ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை. இன்ஜினிலிருந்து சென்சாரைக் கழற்றி, அதற்கு நீளமான ஒயர்கள் கட்டி, சமையலறை ஜன்னல் வழியே உள்ளே இழுத்து, பால் காய்ச்சும் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, மனைவியைக் கொண்டுபோய் ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார்.

"கொதிக்குது. எவ்வளவு காட்டுது?"

"நூறு."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். நூறு மேலயே நிக்குது. அப்ப முள் சரிதானே?"

கொதிக்கிற தண்ணீர் நூறு டிகிரி என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். இவருக்கு அது ஒரு கட்சியின் கருத்து.

"தண்ணி சரியாக் கொதிக்கல," என்றார்.

"என்னது?"

"குமிழி வருதே தவிர, உள்ளுக்குள்ள எழுபதுதான் இருக்கும். இந்த அடுப்பே அப்படித்தான்."

"அப்ப இத்தனை வருஷமா நான் போட்ட டீ?"

"நானும் அதை யோசிச்சிருக்கேன்."

அன்று டீ வரவில்லை. அதனால் கிடைத்த நேரத்தில் அவர் சென்சாரைப் பழைய இடத்தில் மாட்டி, மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி, புருவம் திருத்தும் இடுக்கியால் முள்ளைப் பிடித்து, முப்பது டிகிரி பின்னுக்கு வளைத்தார். இதற்கு அவர் வைத்த பெயர் அளவு திருத்தம்.

திங்கட்கிழமை காலை.

"ஏங்க, முள் முதல் கோட்டுக்கும் கீழ கிடக்குதே."

"ராத்திரி குளிர் ஜாஸ்தி."

மலை ஏற ஏற முள் நடுவில் வந்து நின்றது. சிவப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் அதை விரலால் தட்டி, "பாத்தியா?" என்றார். மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் வளைவில் ஒரு நாற்றம். நான்காம் வளைவில், கரண்டிகள் நிறைந்த டிராயரை யாரோ உலுக்குகிற சத்தம். ஐந்தாம் வளைவில் சத்தமே இல்லை.

மணி எட்டு ஐம்பது. அந்த அம்மாள் ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கினார், எதிர்ப்பட்ட முதல் லாரியை நிறுத்தினார், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒன்பது ஐம்பத்துநாலுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு நாற்காலி கிடைத்தது. இவருக்கு மெக்கானிக் கிடைத்தார்.

"பிடிச்சுக்கிச்சு சார். இந்த இன்ஜின் அவ்வளவுதான்."

"அதெப்படிப்பா? முள்ளைப் பாத்துக்கிட்டேதானே வந்தேன். நடுவை விட்டு நகரலையே."

"முள் நல்லாத்தான் சார் இருக்கு. அதை மட்டும் பத்திரமாக் கழட்டி வச்சுக்குங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு சந்தேகம். போன மாதம் டாக்டர் உங்கள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, எண்ணைப் பார்த்துவிட்டு உங்களையும் ஒருமுறை பார்த்தாரே, அப்போது, "மாடி ஏறி வந்தேன் டாக்டர், அதான் கூடுதலாக் காட்டுது" என்று சொன்னீர்களாம்.

அவர் அறை தரைத்தளத்தில் அல்லவா இருக்கிறது?