குழாயும் மிட்டாய்த் தாளும்

நான்கு கால் உண்டு, நாற்காலி இல்லை. முழ நீளம் உண்டு, கயிறு இல்லை. சோபாவுக்குள் குடியிருக்கும், வாடகை தராது. அது என்ன?

ஃபெரெட். கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். அதை வளர்த்த வீட்டில் அதற்குப் பெயர் குழாய்.

காலையில் குழாய் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்து சுருண்டு விழுந்தது. இப்போது கால்நடை மருத்துவரின் மேசையில், துண்டுக்குள், மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

“கணையத்துல கட்டி. அது ரத்தத்துல சர்க்கரையை இறக்கிடுது,” என்றார் டாக்டர். “ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம். மயக்க மருந்தைத் தாங்கணும், அதுதான் பயம். இல்லேன்னா ஆயுசுக்கும் மருந்து. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப நேரம் எடுத்துக்காதீங்க.”

குடும்பத் தலைவர் மேசையை விட்டு ஓரடி பின்னால் போனார். தன் விரலில் முள் எடுக்கவே கண்ணை மூடிக்கொள்கிறவர் அவர். மனைவி காருக்குப் போன நேரம் பார்த்து மகளிடம் குனிந்தார். “கேட்டா மருந்துன்னு சொல்லு கண்ணு. கத்தி பட்டா குழாய் தாங்காது.” மகள் தலையாட்டினாள்.

மனைவி கைப்பையோடு திரும்பினாள்.

“குழாய் இவளோடது. இவளே முடிவு பண்ணட்டும்,” என்றார் அவர், பெருந்தன்மையாக.

“சரிங்க.”

அவள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டதும் அவர் சந்தேகமாக அவளைப் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு டாக்டர். மருந்து கொடுக்கறப்போ நடுவுல குழாய் மிட்டாய் தின்னுட்டா?” என்று கேட்டாள் மனைவி.

“மருந்து வீண். இனிப்பு உள்ளே போனா, அந்தக் கட்டி சர்க்கரையை இன்னும் வேகமா இறக்கிடும். மறுபடி இப்படித்தான் விழும், எழுந்திரிக்காமலும் போகலாம். கட்டியை எடுத்துட்டா, ஒரு தடவை தவறினாலும் தாங்கும்.”

மனைவி கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். மிட்டாய்த் தாள்கள். நக்கி நக்கிப் பளபளத்தன.

“சோபாவுக்குள்ள இருந்து காலையிலதான் எடுத்தேன். இவருக்கும் சர்க்கரை வியாதி, டாக்டர். இவர் எனக்குத் தெரியாம ஒளிச்சு வெக்கறார். குழாய் இவருக்குத் தெரியாம எடுத்துட்டுப் போகுது.”

“இனிமே வாங்க மாட்டேன்.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.”

“அது எனக்காகச் சொன்னது. இது குழாய்க்காக.”

துண்டுக்குள் குழாயின் கால் ஒருமுறை வெட்டி இழுத்தது. எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அப்பா உதட்டை அசைத்து ‘மருந்து’ என்றார்.

மகள் எட்டி அவருடைய சட்டைப் பையைத் தொட்டாள். உள்ளே தாள் சரசரத்தது.

அவள் ஆபரேஷன் என்றாள்.