வறட்சிச் செடியில் தவளை

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு விஷயம் எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, அவ்வளவு உரக்க அதைப் பற்றிப் பேசுகிறவள் நான்.

எங்கள் ஊரான எலப்புள்ளியில் வீட்டு போர்வெல், கோடை பிறந்தால் காற்றைத்தான் துப்பும். அதனால் வாசல் ரோஜாக்களைக் கைகழுவிவிட்டு, கோயம்புத்தூர் நர்சரி ஒன்றில் எட்டு சில்வர் சேஜ் செடிகள் வாங்கி வந்தேன். திருநீறு பூசியது போல வெள்ளி இலை, ஊதாப் பூ.

"காய விட்டா நல்லா வருமுங்க. தண்ணிய ஊத்திக் கொன்னுபோடாதீங்க" என்றார் நர்சரிக்காரர். தலையாட்டினேன். (தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.)

தெருவெல்லாம் நான் பீற்றிக்கொண்டதில், குடியிருப்போர் சங்கத்திலிருந்து இருபது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டம் பார்க்க வருவதாக முடிவாயிற்று. விளக்கம் சொல்வது நான்.

அப்போதுதான் பயம் பிடித்தது. ஒரு பூகூட இல்லையே! தினமும் விடியும் முன்பே எழுந்து, லாரித் தண்ணீர் நிரப்பிய தொட்டியிலிருந்து செடிக்கு ஒரு குடம் ஊற்றினேன். எங்கள் மண்ணோ தண்ணீர் வடியாத களிமண். இலைகள் மஞ்சளாயின. தாகம் போலும் என்று குடத்தை இரண்டாக்கினேன். கணவருக்குக் குளிக்க அரை வாளிதான் மிஞ்சியது.

அந்த ஞாயிறும் வந்தது. பட்டுப்புடவையில் நின்று முழங்கினேன்: "இது தண்ணியே கேக்காத செடிங்க!"

பக்கத்து வீட்டு சரசக்கா குனிந்து பார்த்தார். "அப்புறம் ஏன் கண்ணு இலையெல்லாங் கொட்டுது?"

"அது இந்த ரகத்தோட குணமுங்கக்கா. வேரப் பாருங்க, அசையாது!" என்று ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன்.

செடி கையோடு வந்துவிட்டது. வேருக்குப் பதில் கறுப்புக் கூழ். குழியில் சேற்றுத் தண்ணீர். அதிலிருந்து ஒரு தவளை துள்ளி, சங்கத் தலைவரின் செருப்பின்மேல் உட்கார்ந்தது.

எல்லோரும் தவளையைப் பார்க்க, கணவர் மட்டும் குழியைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "அப்ப நான் குளிக்கற தண்ணி இங்கதான் போச்சா?"

நான் அசரவில்லை. "இப்படிச் செய்யக்கூடாதுன்னு காட்டத்தானுங்க வெச்சிருந்தேன்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

எட்டும் செத்தன. மறுவருஷம் மேடு கட்டி, சரளை கலந்து, புதிதாக நட்டேன். வேர் பிடித்ததும் குடத்தைத் தொடவே இல்லை. இன்று இடுப்பளவு நிற்கின்றன. மழைக்கு முந்திய புழுக்கத்தில் ஊதாவாய்ப் பூத்துத் தள்ளுகின்றன. அதை யார் பேசுகிறார்கள்? ரசம் ஒரு கரண்டி கூடினால், "போதும், தவளை வந்துரும்" என்கிறாள் மகள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் சாம்பார் வாளிக்காரரிடம் அதையே சொன்னார்.