மாமனாரை இழுத்துவர ஒரு பிக்கப்

"இது இழுக்குமாப்பா?" என்று லைல் மறுபடியும் கேட்டான்.

"சார், இதுல ஒரு வீட்டையே கட்டி இழுக்கலாம்," என்றான் விற்பனையாளன் டக்கர்.

"வீட்டைத்தான்பா கட்டி இழுக்கணும்."

டக்கர் சிரித்தான். லைல் சிரிக்கவில்லை. அவன் சொன்னது நிஜம்.

அவனுடைய மாமனார் வெர்னன், டெக்சாஸின் தென்கோடியில் சக்கரம் வைத்த ஒரு நீளமான டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தார். கண் மங்கிவிட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் தன் பிக்கப் வண்டியை விற்றுவிட்டார். கான்சாஸில் இருந்த மகள் கிளெண்டா, "எங்களோட வந்து இருப்பா" என்று போனில் அழுதாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வர்றேம்மா. ஆனா என் வீட்டோடதான் வருவேன். அதை இழுக்கிற மாதிரி மாப்பிள்ளை ஒரு பெரிய பிக்கப் வாங்கட்டும். வாங்கின அன்னைக்கே கிளம்புறேன்."

வெர்னன் கான்சாஸில் உத்தியோகத்தில் இருந்தபோது டிரைவிங் லைசென்ஸ் தேர்வு நடத்தியவர். பையனாக இருந்த லைலை மூன்று முறை ஃபெயில் ஆக்கியவர். பெண்ணைக் கொடுத்த பிறகும் அந்தத் தேர்வை அவர் முடித்தபாடில்லை. லைலின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். அவன் கறி வெட்டினாலும் "கையைப் பாரு, கையைப் பாரு" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் கொல்லைப்புறத்திலேயே குடியேறப் போகிறார்.

கிளெண்டாவிடம் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாயும் வரவில்லை, மனசும் வரவில்லை. ஆகவே பிக்கப்பைத் தேடினான். தேடிக்கொண்டே இருந்தான்.

டக்கர் கடைசியில் ஒரு டீசல் வண்டியைக் காட்டினான். மலையையே நகர்த்தும் போலிருந்தது. அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாமல் லைல் கலங்கிப்போய் வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் போன் அடித்தது. வெர்னன்.

"மாப்ளே, டீசலா பார்க்கிறியாம், கிளெண்டா சொன்னா. நீ வேலை பார்க்கிற மருந்துக்கடை வீட்டுலேருந்து கூப்பிடு தூரம். அதுக்குள்ள அந்த எஞ்சின் சூடே ஏறாது. தினமும் இப்படியே ஓட்டினா புகைக்குழாய் ஃபில்டர்ல கரி அடைச்சுக்கும். உனக்கு அறிவே கிடையாதா?"

வாங்காத வண்டிக்கே ஃபெயில் மார்க்கா என்று லைலுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் சாக்கு அருமையான சாக்கு. மறுநாள் அதையே டக்கரிடம் சொன்னான்.

"அடேயப்பா! இவ்வளவு விவரமா யாரும் கேட்டதில்லை சார். அப்போ உங்களுக்குப் பெட்ரோல்தான் சரி. இதோ, அதுலயும் பெரிய எஞ்சின். நல்லாவே இழுக்கும்."

"என் வீட்டுக்காரர் எதையும் அலசி ஆராயாம எடுக்க மாட்டார்," என்றாள் கூட வந்திருந்த கிளெண்டா பெருமையோடு.

அன்றிரவு மறுபடியும் போன். "மாப்ளே, கராஜை அளந்தியா?"

லைல் ஓடிப்போய் அளந்தான். இடம் இரண்டு முழம் போதவில்லை. முகத்தை நீளமாக வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்ன பண்றது கிளெண்டா, உள்ள நுழையாது போலிருக்கே. வெளிய நிறுத்தினா நம்ம ஊரு ஆலங்கட்டி மழை வண்டியைச் சல்லடையாக்கிடும்."

"ஆமால்ல," என்றாள் கிளெண்டா, சுருக்கமாக.

அந்தச் சுருக்கம் அவனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் மறுநாள் சாயங்காலம் தெரிந்தது. கராஜின் பின்சுவர் இருந்த இடத்தில் துணி துவைக்கிற இயந்திரம் தெரிந்தது. அவன் பார்த்துப் பார்த்து அடுக்கிவைத்திருந்த தூண்டில் சாமான்களெல்லாம் புல்லில் கிடந்தன. கிளெண்டாவின் சித்தப்பா மகன் கையில் சம்மட்டியோடு நின்று பல்லைக் காட்டினான்.

"வண்டியோட மூக்கு துணி துவைக்கிற ரூமுக்குள்ள வரும். அவ்வளவுதானே?" என்றாள் கிளெண்டா. "எங்கப்பாவுக்காக இதுகூட பண்ண மாட்டோமா?"

மூன்றாவது போன், மருந்துக்கடை வாசலில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றியது. கிளெண்டா முதலாளியம்மாவிடமே போய்ப் பேசி, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இடம் வாங்கிவந்தாள். அங்கிருந்து கடைக்கு நடப்பதைவிட வீட்டிலிருந்து நடப்பது கிட்டம். அதை வாய்விட்டுச் சொல்லும் நிலையில் லைல் இல்லை. சாக்கு தீர்ந்துவிட்டிருந்தது.

வண்டி வந்தது. வெள்ளை நிறம். ஏறுவதற்குப் படி வைத்திருந்தார்கள். வேலைக்குப் போகும்போது ரேடியோவில் வானிலை தொடங்கி முடிவதற்குள் தேவாலயம் வந்துவிட்டது.

கொல்லையில் சரளை கொட்டி மின்சார இணைப்புக் கொடுக்கிற வேலையைக் கிளெண்டா பார்த்துக்கொண்டாள். லைல் தனியாகத் தெற்கே ஓட்டினான். நடுவில் வந்த ஓக்லஹோமா மாநிலம் முழுக்கப் பெருமூச்சு விட்டான்.

வெர்னன் டிரெய்லர் வாசலில் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

"வாங்கியே வாங்கிட்டியா?"

"ஆமா மாமா."

கண்ணை இடுக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தார். "இது இழுக்காது."

லைலுக்குச் சுர்ரென்றது. அவன் வெறுத்து வாங்கிய வண்டிதான். ஆனாலும் அவன் வாங்கிய வண்டி. "ஏன் இழுக்காது? உங்க டிரெய்லர் மாதிரி ஒன்றரை டிரெய்லரை இழுக்கும்."

"டிரெய்லரை மாட்டுற கொக்கிக் குண்டு சைஸ் தப்பு."

லைல் கடைக்குப் போய்ச் சரியான குண்டை வாங்கிவந்து மாட்டினான்.

"டிரெய்லர் டயர்ல காத்தே இல்ல."

லைல் காற்றடித்தான்.

"பின் விளக்கு எரியாது, பாரேன்."

எரிந்தது. இடது, வலது, பிரேக், எல்லாமே பளிச்சென்று எரிந்தன. வண்டி டிரெய்லரைக் கவ்விக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. அப்போதுதான் தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொண்டோம் என்று லைலுக்கு உறைத்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க மாமா," என்றான்.

வெர்னன் ஏறவில்லை. டிரெய்லர் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"மாப்ளே, நான் வரலை."

"என்னது?"

"இங்க வெயில் என் முட்டிக்கு ஒத்துக்குது. அந்தக் கான்சாஸ் குளிரு... வேணாம்பா. கோவிச்சுக்காதே."

ஒரு நிமிஷம் லைலுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் அப்படியே உருண்டு போனது. சிரிப்பு வந்தது. அடக்கினான். அடங்கவில்லை. மாமனாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கோவமா? எனக்கா? நீங்க எங்க இருந்தாலும் சந்தோஷமா இருந்தா போதும் மாமா!"

கிளெண்டாவுக்கு வெர்னனே போன் செய்தார். அவள் முதலில் அழுதாள். "உங்களுக்கு ஒண்ணுன்னா யாருப்பா பார்த்துக்குவா?"

"பார்த்துக்க இங்க ஆள் இருக்கும்மா," என்றார் வெர்னன். காது மடல் சிவந்தது. பிறகு கிளெண்டாவும் சிரித்தது லைல் வரைக்கும் கேட்டது.

மாமனாரும் மருமகனுமாகக் கொக்கியைக் கழற்றினார்கள். இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. "நல்லாத்தான் மாட்டியிருக்கே," என்றார் வெர்னன். லைலுக்கு லைசென்ஸ் கையில் கிடைத்த நாள்கூட இப்படி இனித்ததில்லை. பாவம், கடைசி நிமிஷத்தில் மனிதர் மனசு மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த டிரெய்லரின் கதவு திறந்தது. நரைத்த கூந்தலை அள்ளி முடிந்த ஓர் அம்மாள், ஏப்ரனில் கை துடைத்தபடி வந்தார். தனியாக நின்ற டிரெய்லரையும் தனியாக நின்ற பிக்கப்பையும் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இது மேக்சின்," என்றார் வெர்னன், தரையைப் பார்த்தபடி.

"அப்பாடா, கழட்டிட்டீங்களா!" என்றார் மேக்சின். "டீசலு, கராஜு, கடை வாசலுன்னு தினமும் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொரு குத்தமா கண்டுபிடிச்சு உங்களுக்குப் போன் போட்டோமே தம்பி, அப்புறமும் எப்படித்தான் வாங்கினீங்க?"