பெட்டி அதிகம் உள்ளவர்கள் மெதுவாக வரவும்

லிஃப்ட் மெக்கானிக் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். அவன் மனைவி அந்தப் பக்கம், சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாராவது பயணி வெளியே வரும்போது மட்டும் கதவு இரண்டாகப் பிரியும். பெட்டிகள் சுற்றும் பெல்ட்டுக்கு அப்பால், பாஸ்போர்ட் பார்க்கும் கூண்டுக்குப் பக்கத்தில் அவள் தெரிவாள். கண் நிறைவதற்குள் கதவு மூடிக்கொள்ளும்.

அப்பாவின் மூட்டு ஆபரேஷனுக்காகப் பிறந்த வீடு போனவள். பத்து நாள் என்று போனது ஏழு மாதமாகிவிட்டது. திரும்பும்போது புயல் வந்து விமானத்தைத் தாமதப்படுத்தியது. அவன் ஐரோப்பியக் குடிமகன், அவள் இல்லை. அவள் இங்கே வாழ்வதற்கான அட்டை, ஏறும்போது செல்லுபடியாகி, நடுவானில் காலாவதியாகிவிட்டது.

"அட்டை முடிஞ்சுபோச்சாம். திருப்பி அனுப்பிடுவாங்க போலிருக்கு," என்று போனில் சொன்னவள், அதே மூச்சில், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பது அவன் தினசரி வேலை. முதலில் அவர்களோடு பேச்சுக் கொடுக்க வேண்டும், பயம் தெளியும். ஆனால் இப்போது பயந்து போயிருந்தது வெளியே நின்றவன். பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது உள்ளே மாட்டியவள்.

அவன் உடனே அவளுடைய அண்ணனுக்கு போன் போட்டான். மச்சான் வெளிநாட்டு விவகாரங்களில் கரை கண்டவர். விமானத்தில்தான் ஏறியதில்லை.

"கவலைய விடுங்க மாப்ளே," என்றார் மச்சான். "தங்கச்சி குடியிருக்க வர்றான்னு சொன்னாத்தானே அட்டை கேப்பாங்க? சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்கான்னு சொல்லிடுங்க."

அவன் மனைவியின் போன் வழியாக, பாஸ்போர்ட் கூண்டிலிருந்த அதிகாரியம்மாவிடம் அப்படியே ஒப்பித்தான். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பார்க்க வந்தவர் என்றால் திரும்பிப் போக டிக்கெட் இருக்க வேண்டுமே, அது எங்கே என்றார். அதுவரை அட்டை மட்டும்தான் இல்லை. இப்போது டிக்கெட்டும் இல்லை.

"இவ்வளவுதானா," என்றார் மச்சான். "இருக்கறதுலயே மலிவா ஒண்ணு எடுத்துக் காட்டுங்க. யாரு அதுல போகப் போறா?"

ஓடினான். எடுத்தான். அவள் போனுக்கு அனுப்பிவிட்டு, வந்து பழைய இடத்திலேயே நின்றுகொண்டான்.

இதற்குள் அவனுக்கு அந்தக் கதவின் குணம் பிடிபட்டிருந்தது. கைப்பையோடு விறுவிறுவென்று வருகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வந்தது. தள்ளுவண்டியில் மலைபோல் அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் மகராசர்கள். ஒரு குடும்பத்தின் குழந்தை வண்டிச் சக்கரம் வாசலிலேயே சிக்கிக்கொண்டபோது கதவு திறந்தபடி நின்றது. அவள் நீலப் புடவை கட்டியிருந்தாள். கூந்தலைக் கொஞ்சம் வெட்டியிருந்தாள், சொல்லவே இல்லை. அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சக்கரத்தை எடுத்துவிட ஓடிய ஊழியரைப் பிடித்து நிறுத்தினால் என்ன என்று தோன்றியது.

போன் அடித்தது. அதிகாரியம்மா பேசினார். "டிக்கெட் கிடைச்சுது. இவங்கள எந்த விமானத்துல திருப்பி அனுப்பறதுன்னு தேடிட்டிருந்தோம். நீங்களே இன்னிக்குச் சாயங்காலத்துக்கு எடுத்துட்டீங்க. ரொம்ப உபகாரம்."

மலிவாக இருந்ததால் தேதியைப் பார்க்கவில்லை. ரத்து செய்ய ஓடினான். மலிவு டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது என்று கவுண்டர் பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

மறுபடி மச்சானுக்கு போன் போட்டான். "தங்கச்சிய அழச் சொல்லுங்க," என்றார். "பொம்பளை கண்ணீருக்கு இரங்காத ஆபீஸ் உலகத்துல கிடையாது."

அவளும் முயன்றாள். முகத்தைச் சுருக்கி, அப்பாவின் முழங்காலை நினைத்து, கிட்டத்தட்ட வந்துவிட்டதாம். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அங்கே அவன், அவள் எடுத்துக் கொடுத்த சட்டையில், பித்தான்களை ஒரு துளை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் தூக்கலாக நின்றிருந்தான். அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதிகாரியம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

சற்று நேரத்தில் அவளைப் பெஞ்சிலிருந்து எழுப்பி, விமானம் ஏறும் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அடுத்த முறை கதவு திறந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

வீட்டில் புது விரிப்புப் போட்டிருந்தான். அவள் தலையணையை யாரும் தொடாமல், அதாவது தானே தொடாமல், வைத்திருந்தான். ஏழு மாதமாகச் சேர்த்துப்போட்ட பாத்திரங்களையும் தேய்த்துக் கவிழ்த்திருந்தான். காலிப் பெஞ்சைப் பார்த்தபடி அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்புவதை நினைத்துப் பார்த்தான். முடியவில்லை.

இந்த முறை மச்சானைக் கேட்கவில்லை. அதே விமானத்தில் தனக்கும் ஒரு டிக்கெட் எடுத்தான். பயத்தில் வீட்டிலிருந்த காகிதங்களையெல்லாம் அள்ளி வந்திருந்ததால் பாஸ்போர்ட்டும் பையில் இருந்தது. அவனும் அவள் நாட்டில் பிறந்தவன் என்பதால் அங்கே போகவர அனுமதியும் அவனுக்கு உண்டு. புறப்படும் வாசலில் சோதனைகளைத் தாண்டி, குடியேற்றக் கூண்டைத் தாண்டி, நாட்டை விட்டு வெளியேறினான்.

கூடத்தின் கோடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். இடையில் கதவு எதுவும் இல்லை. அதுவே இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

"இளைச்சுட்டீங்க," என்றாள். பித்தான்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியான துளையில் போட்டுவிட்டாள். கடைசிப் பித்தானில் கை நின்றது. "எப்படி உள்ள விட்டாங்க?"

"நானும் வர்றேன்."

"வேலை?"

"லிஃப்டு எல்லா ஊர்லயும்தான் மாட்டும்."

வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. அவன் கைக்குட்டையைத் தேடினான். மின்சார பில்தான் அகப்பட்டது. அதையும் வாங்கித் துடைத்துக்கொண்டாள். அப்பா வீட்டு மாடி அறை, மச்சானின் ஆலோசனைகளோடு ஆயுள் முழுக்க வாழ்வது என்று கஷ்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. கையோடு கை கோத்திருந்தது.

பயணிகளை ஏறச் சொல்லி அழைத்தபோது, அவளுடைய பாஸ்போர்ட்டை விமான ஊழியர்களிடம் ஒப்படைக்க அதிகாரியம்மா வந்தார். அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க யாரு?"

"இவ வீட்டுக்காரன். உங்களுக்கு இனிமே தொந்தரவு இல்லீங்க. நானும் நாட்டை விட்டுக் கிளம்பிட்டேன்."

"வெளியேறும் கூண்டைத் தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சு."

அந்த அம்மாள் பாஸ்போர்ட்டை ஊழியரிடம் கொடுக்கவில்லை. அதை அவள் மடியில் வைத்துவிட்டு, நாட்டுக்குள் வருகிறவர்கள் நிற்கும் வரிசையைக் கை காட்டினார்.

"இப்ப நீங்களும் வெளியிலேர்ந்து வர்றவர்தான். ரெண்டு பேரும் போய் அங்க நில்லுங்க. குடிமகனோட சேர்ந்து உள்ள வர்ற பொண்டாட்டிகிட்ட நாங்க அட்டையே கேக்கறதில்ல. அதை நானா சொல்லிக் குடுக்கக் கூடாதுங்கறதால, இந்தப் பொண்ணு பக்கத்துல ஒரு புருஷன் வந்து நிக்க மாட்டானான்னு மத்தியானத்துலேர்ந்து நானும்தான் ஏங்கிக்கிட்டிருக்கேன்."