ஜூலை மாதத்து ஹீட்டரும் என் பக்கத்து நியாயமும்

மதிப்பிற்குரிய வில்மா அவர்களுக்கு,

உங்கள் தங்கை நோரீனின் கணவன் ஹார்லன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் மின்விசிறிகள் அனைத்தும் நலம். நோரீன் செவ்வாய்க்கிழமையிலிருந்து உங்கள் வீட்டில் இருப்பதால் அவள் நலத்தை நீங்கள்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டும். அவளை உடனே திருப்பி அனுப்பும்படி கேட்கவே இந்தக் கடிதம். அதற்கு முன் நடந்ததை நான் சொல்லியும் நீங்கள் கேட்க வேண்டும். அவள் சொன்னதில் பாதி உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்தப் பாதியில் என் பக்கம் வந்திருக்காது.

எங்கள் வீட்டு ஏசி போன மாதக் கடைசியில் நின்றுபோனது. ரிப்பேர்காரனைக் கூப்பிடச் சொன்னாள், மறுத்தேன். நூறு வயதான பித்தளை இறக்கை விசிறிகள் அறுபது வைத்திருப்பவன், ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தானே கழற்றிக் கம்பி சுற்றி ஓடவைத்தவன், இதையெல்லாம் யாரிடமும் போய்ப் படிக்காதவன், ஏசிக்காரனை வீட்டுக்குள் விட்டுவிட்டு பழைய விசிறி சேகரிப்போர் சங்கத்துக் கூட்டத்தில் எந்த முகத்தோடு உட்காருவது? அவளுக்காகப் படுக்கையறையில் நாலு விசிறி வைத்தேன். விமானம் கிளம்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். குறை சொல்வதென்று முடிவு செய்தவளுக்கு எதுதான் சரியாக இருக்கும்?

போன சனிக்கிழமை ஏலத்தில், பனிக்காலத்தில் அறையைச் சூடாக்கும் ஒரு பழைய ஹீட்டர் வாங்கினேன். செம்புக் கிண்ணத்தைப் பக்கவாட்டில் நிறுத்தியது போல அழகான சாமான். ஜூலையில் வாங்கினால்தான் போட்டிக்கு ஆள் இருக்காது. உள்ளே புதுக் கம்பி சுற்றினேன். புதுக் கம்பியைச் சிவக்கச் சிவக்க ஒரு பிற்பகல் முழுக்க எரித்துப் பார்த்தால்தான் நம்பலாம். பட்டறையில் ஃபியூஸ் போய்விட்டதால் செவ்வாய்க்கிழமை அதைக் கூடத்து மூலையில், சோபாவுக்குப் பின்னால் வைத்தேன். அன்றைக்குத்தான் தேவாலயத்துப் பெண்கள், கோயில் கூரையைப் பழுதுபார்க்கும் நிதிக்காகக் குலுக்கல் சீட்டில் பரிசாக வைக்கப்போகும் வெள்ளைப் போர்வையைத் தைத்து முடிக்க எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்பதை நோரீன் என்னிடம் சொல்லியிருந்தாளாம். சொல்லியிருக்கலாம். அப்போது விசிறி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வியர்த்தார்கள். பாதிரியாரின் மனைவி ஐரிஸ், "ஹார்லன், உங்க வீட்டுல எங்கயாவது அடுப்பு எரியுதா?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை. "அடுப்பு இல்லீங்க, ஹீட்டர்" என்றேன்.

"ஜூலையில ஹீட்டரா?"

"பனி கொட்டும்போது கெட்டுப்போச்சுன்னா என்ன செய்யறது? இப்பவே பாத்து வச்சுக்கணும்."

"ஹார்லன், அதை அணைச்சுத் தொலை" என்றாள் நோரீன்.

"பாதியில அணைச்சா கம்பி கெட்டுடும், நோரீன்."

"நான் கெட்டாப் பரவாயில்லையா?"

இதற்கு மேல் ஒரு மனிதன் எவ்வளவு இறங்கி வர முடியும் என்று பாருங்கள். ஹீட்டருக்குப் பின்னால் என் சேகரிப்பிலேயே பெரிய விசிறி நின்றது. வாங்கிய நாளிலிருந்து நான் அதில் கை வைத்ததில்லை, ஓட்டியதும் இல்லை. பழைய பூச்சும் பழைய தூசியும் கலையாமல் இருந்தால்தான் எங்கள் சங்கத்தில் அதற்கு மதிப்பு. அப்பேர்ப்பட்டதை அந்தப் பெண்களுக்குக் காற்று வரட்டும் என்று நானே போட்டுவிட்டேன். அது ஹீட்டரின் சூட்டையெல்லாம் வாரி அவர்கள் மேல் வீசியது. கூடவே நூறு வருஷத்துத் தூசியும், அடியில் தேங்கியிருந்த எண்ணெயும் போர்வை மேலும் உருளைக்கிழங்கு சாலட் மேலும் ஐரிஸ் அம்மையார் மேலும் போய் விழுந்தன. "யாரும் தொடைக்காதீங்க" என்று சொல்லி, ஒரு தூரிகையும் உறையும் எடுத்துவந்து அம்மையாரின் தோளிலிருந்த தூசியைப் பதமாகக் கூட்டிச் சேர்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. இதை அவமரியாதை என்கிறாள் உங்கள் தங்கை. அது அந்த விசிறியின் சொந்தத் தூசி. போனால் வராது.

பெட்டியைக் கட்டிக்கொண்டு, "வில்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"எப்ப வருவே?"

"இந்த வீட்டுல குளுந்த காத்து வர்ற அன்னிக்கு."

ஏசியை ரிப்பேர் செய்ய மாட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். நேரில் வந்து அழைக்கவும் மாட்டேன். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் தானாக வருவதுதான் முறை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. டப்பா பீன்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. விசிறிகளின் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. இப்படி இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்திருக்கிறேன், தேய்மானம் பார்த்துத்தான், வேறு காரணம் இல்லை.

வயதில் மூத்தவரான உங்களுக்கு என் வணக்கம். உங்கள் கணவர் கிளைடை, முழு மனதோடு இல்லாவிட்டாலும், கேட்டதாகச் சொல்லவும். உங்கள் தோட்டத்துத் தக்காளி இந்த வருஷமாவது வெடிக்காமல் பழுக்கட்டும்.

இப்படிக்கு,
தன் நிலையிலிருந்து மாறாத,
ஹார்லன் டீட்ஸ்

பி.கு: தபாலை நம்ப முடியாததால் நானே கொண்டுவந்தேன். கதவுக்கடியில் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் இருந்தேன். குனிந்தபோது உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. நோரீன் யாரையோ சத்தமாகத் திட்டுவதும் கேட்டது, என்னையாகத்தான் இருக்கும். அவளை அனுப்ப வேண்டாம். அவள் படுக்கும் அறையில் இன்னொருவருக்கு இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இதையும் எழுதி உள்ளே தள்ளிவிட்டு, வாசலில் வண்டியில்தான் உட்கார்ந்திருப்பேன். விசிறி ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.